தூங்கும் கட்சியை அழிக்காதீர்கள்: நம் கற்பனை நாட்டின் நடத்துநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடத்துநர் குழுவினருக்கும், நம் கற்பனை நாட்டின் குடிமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொடர்ந்து மூன்று தேர்தல்களில் வேட்பாளர் நிறுத்தாத கட்சிகளை வரும் பொதுத்தேர்தலுக்கு முன், கட்சி, அவை, அமைச்சர் என்று ஒரு கற்பனை நாட்டை நாம் நடத்தி ஆடும் இந்த அரசியல் ஆட்டத்திலிருந்து நீக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதோடு இது முடியவில்லை. அந்தக் கட்சியின் கொள்கை அறிக்கை, அது கொண்டுவந்த மசோதாக்கள், அவையில் அதன் உறுப்பினர்கள் பேசிய பேச்சு, தேர்தல்களில் வாங்கிய வாக்கு எல்லாமே சேர்ந்து போகும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இந்த விதி இப்போதைக்குத் தொடப்போவது ஒரே ஒரு கட்சியை. எந்தக் கட்சி என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்காகப் பேச இன்று அவையில் ஆள் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் அந்தக் கட்சிக்காரன் இல்லை. அவர்கள் அவையில் இருந்த காலம் முழுக்க ஆளும் வரிசையில் உட்கார்ந்து அவர்களுக்கு எதிராக வாக்களித்தவன். நிதித்துறை என் கையில் இருந்தபோது என்னை அதிகம் திணறடித்தவர்கள் அவர்கள்தான். மூன்றே மூன்று இடங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் வரிக்கு வரி கேள்வி கேட்டார்கள். பெரிய எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்துவிட்டுப் போன நாட்களிலும் இந்த மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்த குடிமக்கள் பலருக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நாட்டின் வரைபடத்தை வரைந்தவர்கள் மதுரைக்காரர்கள். மேற்கே மலை, மலையடியில் ஓர் அணை, அங்கிருந்து கிழக்கே ஓடும் ஓர் ஆறு, நடுவில் தலைநகரம், ஆற்றின் இருபுறமும் வாய்க்கால்கள். வைகையைத்தான் மனதில் வைத்து வரைந்தார்கள் என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் மழை எவ்வளவு என்பதை ஆட்டமே தீர்மானிக்கும். அணையில் நீர் ஏறும், இறங்கும். நீர்ப்பாசன அமைச்சர் எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று உத்தரவு போடுவார். அதை வைத்து அந்தச் சுற்றின் விளைச்சல் கணக்கு வரும். இதுதான் நம் நாட்டின் அடிப்படைப் பொருளாதாரம்.

தொடக்கத்திலிருந்தே இதில் ஒரு கோளாறு இருந்தது. தென்மேற்கு மேட்டு மாவட்டத்துக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. ஆற்றங்கரை மாவட்டங்கள் நிறைய விளைந்ததால் நாட்டின் மொத்த விளைச்சல் நன்றாகவே தெரிந்தது. அமைச்சர்கள் மொத்தக் கணக்கை அவையில் வாசித்தோம், கைதட்டு வாங்கினோம். மேட்டு மாவட்டத்தின் கட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சுழியம் விழுந்துகொண்டிருந்ததை ஆளுங்கட்சியும் பார்க்கவில்லை, பெரிய எதிர்க்கட்சியும் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர்கள் உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சில கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் ஆரம்பித்ததுதான் இந்தக் கட்சி. மாவட்டவாரியாகக் கணக்கு வை என்பதுதான் அவர்கள் அவையில் வைத்த முதல் கோரிக்கை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு இது கண்ணில் படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே 58 கிராமக் கால்வாய்க்காக எத்தனை தலைமுறை குரல் கொடுத்திருக்கிறது! வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 67 அடியைத் தொட்டால்தான் அந்தக் கால்வாயில் தண்ணீர் ஏறும். அணையில் அறுபது அடி நின்றாலும் மதுரைக்காரர்கள் ஆற்றில் தண்ணீர் பார்ப்பார்கள். உசிலம்பட்டிக் கண்மாய்கள் காய்ந்து கிடக்கும். அந்த அனுபவத்தை அவர்கள் நம் கற்பனை அவைக்குள் கொண்டுவந்தார்கள்.

அவர்களுடைய மசோதா சின்னது. அணையில் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் நீர் ஏறும் சுற்றுகளில், மேலே ஏறிய அளவில் ஒரு பங்கு கட்டாயமாக மேட்டுக் கால்வாய்க்குப் போக வேண்டும். அமைச்சர் நினைத்தாலும் அதை ஆற்றுக்குத் திருப்பக் கூடாது. அந்த மாவட்டத்தின் கண்மாய்களைத் தூர்வார ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் முறை கொண்டுவந்தபோது நாங்கள் தோற்கடித்தோம். அமைச்சரின் கையைக் கட்டும் சட்டம் வேண்டாம் என்பது எங்கள் வாதம். இரண்டாவது முறை அவர்கள் விளைச்சல் கணக்கை, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து, அவர்களே கையால் கூட்டி அவையில் வைத்தார்கள். கட்சித் தலைவி பேசி முடித்தபோது ஆளும் வரிசையிலேயே சிலர் கொறடா உத்தரவை மீறி அவர்கள் பக்கம் வாக்களித்தார்கள். மசோதா நிறைவேறியது. இன்றைக்கும் நம் நாட்டில் அமலில் இருக்கும் சட்டம் அது.

பிறகு வாழ்க்கை குறுக்கே வந்தது. ஒருவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். ஒருவர் திருப்பூரில் ஷிப்ட் வேலையில் சேர்ந்தார். தலைவி குரூப் 2 தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார். உள்ளே வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. அடுத்த தேர்தலில் வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் இல்லை. அவர்கள் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. கட்சியைக் கலைப்பதாகச் சொல்லவும் இல்லை.

இப்போது உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். அவற்றை நான் தள்ளிவிடப் பார்க்கவில்லை.

முதலாவது, குறைவெண் சிக்கல், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை சேராத சிக்கல். அது உண்மையானது. காலியாகக் கிடக்கும் இடங்களையும் சேர்த்து எண்ணியதால் கூட்டம் கூடாமல் கலைந்த நாட்கள் உண்டு. ஆனால் அதற்குத் தீர்வு நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. உண்மையான இந்திய அரசியல் சட்டத்தைச் சொல்கிறேன். அனுமதி பெறாமல் 60 நாட்கள் அவைக்கு வராத உறுப்பினரின் இடத்தைக் காலியானதாக அறிவிக்க அவைக்கு அதிகாரம் உண்டு. நாடாளுமன்றத்துக்கு 101-வது பிரிவு, சட்டமன்றத்துக்கு 190-வது பிரிவு. இடம் காலியாகும், அதற்கு இடைத்தேர்தல் வரும். அந்த உறுப்பினர் சார்ந்த கட்சி அதனால் மறையாது. நாமும் அதையே செய்திருக்கலாம்.

இரண்டாவது, செயல்படாத கட்சியை வெளியாட்கள் கைப்பற்றிவிடலாம் என்ற பயம். இதுவும் சரியான பயம்தான். ஈரிபப்ளிக் என்ற இணைய அரசியல் ஆட்டத்தை ஆடியவர்களுக்குத் தெரியும்: அங்கே மாதாமாதம் 15-ஆம் தேதி கட்சித் தலைவர் தேர்தல். வேறு நாட்டு ஆட்கள் கும்பலாகச் சேர்ந்து, உறுப்பினர்கள் தூங்கும் கட்சியின் தலைமையைப் பிடித்துக்கொள்வார்கள். நம் நாட்டிலும் பினாமிக் கணக்குகள் வந்து போயிருக்கின்றன. ஆனால் பூட்டு போட்டு வைத்தால் இந்த ஆபத்து தீர்ந்துவிடும். செயல்படாத கட்சியில் புது உறுப்பினர் சேர்க்கை இல்லை, தலைவர் தேர்தல் இல்லை, நிதியைத் தொட முடியாது என்று ஒரு உத்தரவு போதும். பூட்ட வேண்டிய இடத்தில் ஏன் இடிக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

மூன்றாவதாக, தேர்தல் ஆணையத்தையே முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறீர்கள். 2019-லிருந்து ஆறு ஆண்டுகள் எந்தத் தேர்தலிலும் நிற்காத, பதிவு மட்டும் பெற்ற கட்சிகளை இந்தியத் தேர்தல் ஆணையம் 2025-ல் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474. டெல்லியே செய்கிறது, நாம் செய்தால் என்ன என்கிறீர்கள். அப்படியென்றால் டெல்லி செய்ததை முழுமையாகப் பாருங்கள். முதல் சுற்றில் 345 கட்சிகளை எடுத்துக்கொண்டு, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகள் மூலம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பி, நேரில் விசாரித்தார்கள். அதனால்தான் 345 என்பது 334 ஆனது. மீதியை மறுபடி சரிபார்க்கத் திருப்பி அனுப்பினார்கள். நீக்கப்பட்டவர்களுக்கும் மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்தார்கள். அந்தக் கட்சிகள் இழந்தவை வரிச் சலுகை, பொதுச் சின்னம் போன்ற வசதிகள். அவை முன்னால் வாங்கிய வாக்குகளை யாரும் அழிக்கவில்லை. பழைய தேர்தல் புள்ளிவிவர அறிக்கைகளைத் திறந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொரு சிறு கட்சியும் எத்தனை ஓட்டு வாங்கியது என்பது அப்படியே இருக்கும்.

நம் அறிவிப்பில் அந்த மூன்று பேருக்கும் ஒரு கடிதம் அனுப்பியதாகக்கூட இல்லை.

மதுரையில் இருந்துகொண்டு நாம் இதைச் செய்வதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. கட்சிகள் பிறப்பதையும் மங்குவதையும் இவ்வளவு அருகிலிருந்து பார்த்த ஊர் தமிழ்நாட்டில் குறைவு. 2005 செப்டம்பரில் விஜயகாந்த் தே.மு.தி.க.வைத் தொடங்கியது இங்கேதான். 2018 பிப்ரவரியில் கமல்ஹாசன் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கியதும் இங்கே ஒத்தக்கடையில்தான். இவற்றையாவது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். மதுரை மக்களவைத் தொகுதியின் பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1996-ல் வென்றது தமிழ் மாநில காங்கிரஸ். அந்த ஆண்டுதான் மூப்பனார் அந்தக் கட்சியைத் தொடங்கியிருந்தார். 1998-ல் வென்றது ஜனதா கட்சி. வேட்பாளர் சுப்பிரமணியன் சுவாமி. அடுத்த ஆண்டே தொகுதி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போய்விட்டது.

அந்த ஜனதா கட்சி 2013-ல் பா.ஜ.க.வில் கலந்துவிட்டது. அதற்காக 1998-ஆம் ஆண்டின் கட்டத்தை யாராவது வெற்றிடமாக விட்டார்களா? தமிழ் மாநில காங்கிரசின் கதை இன்னும் சொல்ல வேண்டியது. 2002-ல் அது காங்கிரசோடு இணைந்தது. சைக்கிள் சின்னமும் போயிற்று, கட்சி முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2014 நவம்பரில் ஜி.கே. வாசன் அதை மீண்டும் எழுப்பினார். 2024 மக்களவைத் தேர்தலில் அதன் வேட்பாளர்கள் சைக்கிள் சின்னத்திலேயே நின்றார்கள். அந்தக் கட்சியின் அரசியலை யாரும் ஏற்கலாம், மறுக்கலாம். பழைய பெயரோடும் பழைய சின்னத்தோடும் அது திரும்பி வருவதற்கு வழி திறந்திருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரட்டை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு கட்சி இரண்டாக உடைந்தது. ஆணையம் சின்னத்தை முடக்கியது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும், ஜானகி அணி இரட்டைப்புறாவிலும் நின்றன. இருவரும் ஒன்றுசேர்ந்த பிறகு பிப்ரவரியில் இலை திரும்பக் கிடைத்தது. அது திரும்பி வந்ததும் சந்தித்த தேர்தல் எங்கே நடந்தது? ஒத்திவைக்கப்பட்டிருந்த மதுரை கிழக்கிலும் மருங்காபுரியிலும். இரண்டிலும் வென்றார்கள். முதன்முதலில் அந்தச் சின்னம் வென்ற 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல்கூட அன்றைய மதுரை மாவட்டத்துக்குள்தான். இது சிறு கட்சியின் கதை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் முடக்கியதால்தான் அந்தச் சின்னத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அந்த இரண்டு மாத இடைவெளியில் ஆணையம் அதை வேறு ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தால்?

கட்சிகளின் அங்கீகாரம் போனால்கூட, 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின்படி, ஆறு ஆண்டுகளுக்குள் பழைய சின்னத்தில் நிற்கச் சலுகை கேட்கலாம். நீங்களோ அந்தக் கட்சியின் கண்மாய் மடைச் சின்னத்தை அடுத்த வாரமே புதுக் கட்சி ஒன்றுக்கு ஒதுக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அந்தப் புதுக் கட்சி நண்பர்களிடம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களுக்கு வேறு சின்னம் கொடுக்கலாம். அந்த மடையை அவையில் தினமும் பார்த்த எங்களுக்கு அது யாருடையது என்பது மறக்காது. புது வாக்காளர்களுக்குத்தான் குழப்பம்.

உண்மையான அரசியலோடு விளையாட்டை ஒப்பிடாதே என்று சிலர் சொல்லலாம். சரி, விளையாட்டையே ஒப்பிடுகிறேன். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை நடத்தும், 2002-லிருந்து நடந்துவரும் நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய ஆட்டத்தில், 28 நாட்கள் உள்ளே வராத நாடு இல்லாமல் போகும். விடுமுறை என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் 60 நாள். உலக வரைபடத்திலிருந்து அந்த நாடு போய்விடும், வாக்கும் போய்விடும். ஆனால் அதன் தலைவர் எத்தனையோ காலம் கழித்து வந்து கேட்டால் அதே நாட்டை எழுப்பிக் கொடுக்கிறார்கள். லட்சக்கணக்கான நாடுகளை வைத்து நடத்துகிறவர்களே அப்படி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கட்சிகள். இடப் பற்றாக்குறை என்று நாம் சொல்ல முடியாது.

இதையெல்லாம்விட எனக்கு அவசரமாகப் படுவது வேறொன்று. போன கூட்டத்தொடரில் புதிய நீர்ப்பாசன அமைச்சர் மேட்டுக் கால்வாய்ச் சட்டத்தை ரத்து செய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேட்டு மாவட்டத்தில் இப்போது விளைச்சல் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு அமைச்சரின் கையைக் கட்டும் சட்டம் என்று கேட்டார். நான் பழைய விவாதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். சட்டத்துக்கு முந்தைய சுற்றுகளின் சுழியங்களை அவரே பார்த்தார். தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த விவாதமும் அந்தக் கணக்கும் இருப்பது அதைக் கொண்டுவந்த கட்சியின் பதிவில்தான். நீங்கள் கட்சியை அழித்தால் அதுவும் போகும். சட்டம் மட்டும் காரணம் தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்து வரும் அமைச்சர் அதே கேள்வியைக் கேட்கும்போது பதில் சொல்ல என்னைப் போன்ற பழைய ஆள் யாராவது அவையில் இருக்க வேண்டும். நாங்களும் ஒருநாள் வேலை, குடும்பம் என்று போகத்தானே போகிறோம்?

நம் நாட்டில் பெரிய கட்சிகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். ஆள் இருக்கிறது, பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளக் கை இருக்கிறது. சிறு கட்சிக்கு அது கிடையாது. மூன்று பேர் போனால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு ஆட்டத்தை நடத்துகிறவர்களிடம்தான் வந்து சேர்கிறது. உங்களை நம்பித்தான் அவர்கள் அத்தனை இரவுகள் உட்கார்ந்து அந்தக் கணக்கைக் கூட்டினார்கள்.

ஆகவே குழுவின் முன் நான் வைப்பது இதுதான். செயல்படாத கட்சி என்றொரு நிலையை விதியில் உருவாக்குங்கள். மூன்று தேர்தல் நிற்காத கட்சி தானாக அந்த நிலைக்குப் போகட்டும். அதன் இடங்கள் காலியாகட்டும், குறைவெண் நிரம்பிய இடங்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படட்டும். அதன் நிதியை அரசுக் கருவூலத்தில் தனிக் கணக்கில் வையுங்கள். ஆளுங்கட்சி அதிலிருந்து கடன்கூட எடுக்கக் கூடாது. சின்னமும் கொடி நிறமும் ஆறு தேர்தல் வரை யாருக்கும் போகக் கூடாது. பழைய உறுப்பினர்களில் இருவர் திரும்பி வந்து கையொப்பமிட்டால் கட்சி எழட்டும். புது ஆட்களின் கையொப்பத்தை மட்டும் வைத்து எழக் கூடாது, கைப்பற்றும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மசோதா, பேச்சு, வாக்கு மூன்றையும் எந்த நிலையிலும் யாரும் தொடக் கூடாது. தன் பெயர் இனி அங்கே இருக்க வேண்டாம் என்று ஒரு உறுப்பினரே கேட்டால் பெயரை மட்டும் எடுத்துவிடலாம். அது அவரவர் உரிமை.

எந்த முடிவுக்கும் முன்னால் அந்த மூவருக்கும் அறிவிப்பு அனுப்புங்கள். பதிலுக்கு ஒரு மாதமாவது கொடுங்கள். முகவரி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். திருப்பூரில் இருக்கும் தம்பியைப் போன சித்திரைத் திருவிழாவில், ஆழ்வார்புரம் இறக்கத்தில் பார்த்தேன். சட்டம் இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டான். தலைவியின் அண்ணன் நம் ஆட்டத்தில் வேறு கட்சியில் இருக்கிறார், அவரிடம் கொடுத்தால் போய்ச் சேரும். கடிதத்தை எழுதிக் கொடுங்கள், இருவரிடமும் சேர்ப்பது என் பொறுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்தி மியூசியம் மரத்தடியில் வழக்கமாகக் கூடும்போது இந்த விதியை வாக்கெடுப்புக்கு விட இருப்பதாக அறிந்தேன். அன்றைக்கு என் திருத்தத்தையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிவதாக நீர்ப்பாசன அமைச்சர் சொல்லியிருக்கிறார். திருத்தத்தின் வாசகத்தைச் சனிக்கிழமைக்குள் குழுவிடம் கொடுத்துவிடுகிறேன். வாக்கெடுப்பு முடியும் வரை அந்தக் கட்சியின் பதிவுகளில் எதையும் அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் நிதியமைச்சர், ஆளும் வரிசை,
மதுரை